வால்வு சரியாகத்தான் திறந்தது

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை: பால் அரை டம்ளர். கொஞ்சம் இளநீர்.

மதியம்: கஞ்சியில் முட்டை வெள்ளைக்கருவை மசித்துக் கொடுத்தேன். நாலைந்து ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. உதடு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

மாலை: பால் வேண்டாம் என்று தலையசைத்தார்.

எழுதி வைக்கச் சொன்னது தீக்காய வார்டு நர்ஸ். "டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேப்பாரும்மா. சும்மா சாப்பிட்டார்னு சொன்னா ஒத்துக்க மாட்டார்." கைப்பையில் இந்த டயரி கிடந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பிரிங் சப்ளை செய்கிறவர்கள் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. இன்றுதான் முதன்முதலாகப் பிரிக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

காலை: பால் ஒரு டம்ளர் முழுதும். மதியம்: கஞ்சி, முட்டை. நேற்றைக்கு இன்று தேவலை.

வார்டுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். செருப்பை வெளியே விட்டு, பச்சை அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு போக வேண்டும். மற்ற நேரமெல்லாம் வராந்தா பெஞ்சுதான். அங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள்: எப்படி ஆச்சு, எத்தனை சதவீதம். எனக்கும் டாக்டர் ஒரு சதவீதம் சொன்னார். அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

காலையில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "பாய்லர் வெடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"வெடிக்கல சார். வெடிக்காம இருக்கத்தான் வால்வு திறந்துச்சு. அந்த ஆவி அவர் மேல அடிச்சிடுச்சு."

"அப்போ வால்வு ரிப்பேரா?"

"இல்ல சார். அது திறக்கணும். அதான் அதோட வேலை."

அவருக்குப் பிடிபடவில்லை. 'விபத்து' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

என் கணவர் தணிகைவேல் திருவள்ளூர் தாண்டி ஒரு லாண்டரியில் பாய்லர் ஆபரேட்டர். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் மலை மலையாக அங்கே வந்து இறங்கும். துவைக்க, காய வைக்க, இஸ்திரி போட எல்லாவற்றுக்கும் பாய்லர் ஆவிதான். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் இஸ்திரி இயந்திரங்களை ஒரே சமயத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆவிக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறியதும் பர்னர் தானாக அணைந்திருக்க வேண்டும். அதை அணைக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. தீ எரிந்துகொண்டே இருந்தது. அவர் அப்போது மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதையும் பார்க்க வேறு ஆள் கிடையாது.

அந்தப் போலீஸ்காரருக்கு நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். இரும்பு ஓரளவுதான் தாங்கும். அந்த அளவு வருவதற்கு முன்னால் எங்காவது ஒரு வழி திறந்தாக வேண்டும். சேஃப்டி வால்வுக்குள் ஒரு வட்டத் தட்டு பாய்லரின் வாயை மூடி உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு தடித்த ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கும். கீழே இருக்கும் ஆவியின் பலம் ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சும் அந்தக் கணத்தில் தட்டு விருட்டென்று எழும்பும். ஆவி குழாய் வழியே வெளியே பாயும். அழுத்தம் இறங்கியதும் தட்டு மறுபடியும் உட்கார்ந்துகொள்ளும். இதற்குக் கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாக நிற்பது அதுதான்.

எந்த அழுத்தத்தில் எழும்ப வேண்டும் என்பதை ஸ்பிரிங்கின் மேலுள்ள திருகை முடுக்கித் தீர்மானிக்கிறோம். பிறகு யாரும் கை வைக்காதபடி கம்பி கோத்து ஈய சீல் அடிப்போம். அம்பத்தூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது என் வேலை. அவருடைய பாய்லர் வால்வை மார்ச் மாதம் பத்து கிலோ அழுத்தத்தில் வைத்து சீல் அடித்ததும் நான்தான்.

மாலை: இளநீர்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலை: பால், முட்டை. நன்றாகச் சாப்பிட்டார்.

இன்று பேசினார். தொண்டைக்குள்ளும் சூடு போயிருப்பதால் குரல் காற்றாகத்தான் வருகிறது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"கீழ யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"பாய்லர் ரூம்ல யாரும் இல்லங்க."

"கீழ," என்றார் மறுபடியும்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வால்வு சரியாத்தான் திறந்துச்சு ஹேமா," என்றார். சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

ஆகஸ்ட் 17, சனி

மதியம்: கஞ்சி பாதி.

லாண்டரியில் துணி மடிக்கும் பிரிவிலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் ஒருத்தி தூண் ஓரமாக நின்றுகொண்டே இருந்தாள். பூங்காவனம் என்று பேர் சொன்னாள். "அண்ணி, அண்ணனை ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டுப் போறேன்," என்றாள். பேசும்போதே அழ ஆரம்பித்தாள். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுகிறார்கள், என் முறையை உனக்கு எப்படிக் கொடுப்பேன் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை: பால் பாதி. புண் ஒட்டாமலிருக்க வாழையிலை வைத்துப் போட்டிருந்த கட்டைப் பிரித்தார்கள். வராந்தாவுக்கு அவர் குரல் கேட்டது. அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

மேனேஜர் பிரபாகர் ஆப்பிள் பையோடு வந்தார். வெகுநேரம் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போகும்போது, "கவலைப்படாதீங்கம்மா. பாய்லருக்கு ஒரு கீறல்கூட இல்ல," என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் "சரி சார்" என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

குளிர் அடிக்கிறது என்கிறார். தொட்டால் கொதிக்கிறது.

மகள் சஹானா பக்கத்து வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறாள். ஏழாம் வகுப்பு. தினமும் போனில் ஒரே கேள்வி: "நான் எப்பம்மா அப்பாவைப் பாக்கறது?" கட்டு எல்லாம் எடுத்த பிறகு என்றேன். "என்னைக்கு எடுப்பாங்க?" தீபாவளிக்குள்ளே என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அவருக்கு மெல்லிய வெள்ளை வேட்டிதான் சரிப்படும். கைலி உறுத்தும். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் இரண்டு வாங்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

பால் இரண்டு வாய். ஜுரம் இறங்கவில்லை. ஊசியை மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார். இன்னும் ஏதோ சொன்னார்.

சோப்பு வாங்க வேண்டும். சஹானாவுக்கு வரைபட நோட்டு வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

"குழாயை..." என்றார். அவர் வாயருகே குனிந்தேன். "நான்தான் ஹேமா..."

"என்னங்க? குழாய்க்கு என்ன?"

ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்தேன். பிறகு, "சஹானாவுக்கு ஷூ சின்னதாயிடுச்சு," என்றார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எதுவும் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இனிமேல் எழுதிக் காட்ட வேண்டியதில்லை என்று நர்ஸ் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று அவருக்குப் பதினாறாம் நாள் காரியம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார். பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனால் அங்கே பூங்காவனம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே.

"நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணி. ஆஸ்பத்திரிலயே சொல்லணும்னு வந்தேன். வாய் வர்ல."

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வால்விலிருந்து வரும் குழாய் பாய்லர் அறையின் கூரை வழியாக மாடிக்கு வந்து, முழங்கால் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் நுனியில் ஒரு வளைவு. அந்த வளைவு பின்பக்கத்தைப் பார்த்து இருந்தது. பின்பக்கம் கீழே தகரக் கொட்டகைக்கடியில்தான் துணி மடிக்கிற பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாட்டு மணிக்கு இயந்திரம் எல்லாம் நிற்கும். அப்போதுதான் அழுத்தம் ஏறும். எப்போதாவது வால்வு திறந்தால் அந்த நேரத்தில்தான் திறக்கும். ஏப்ரலில் ஒருநாள் அப்படித் திறந்தபோது ஆவியோடு வெந்நீரும் கொட்டகையின் ஓட்டை வழியாகக் கொட்டியிருக்கிறது.

ஈரக் கையாலேயே சேலையை விலக்கித் தோளைக் காட்டினாள். கழுத்திலிருந்து தோள் முட்டு வரை தோல் சுருங்கி, பளபளவென்று வேறு நிறத்தில் இருந்தது.

"அண்ணன்தான் தண்ணி ஊத்தி, டாக்டராண்ட இட்டுகினு போச்சு. மறுநாளே மேனேஜராண்ட கேட்டுச்சு. குழாயை நேரா மேல ஏத்தி விடுங்க சார், ரெண்டு ஆள் உயரத்துக்கு ஏத்திட்டா யார் மேலயும் படாதுன்னு. நாங்க எல்லாம் அங்கதான் நின்னுகினு இருந்தோம். அவரு, அடுத்த ஷட் டவுன்ல, பாய்லரை நிறுத்தி வெக்கறப்ப பாக்கலாம்னாரு. ஒரு மாசம் பாத்துச்சு அண்ணன். அப்புறம் அதுவே ஒரு பைப் ரெஞ்ச் எடுத்துகினு ஏறி, வளைவைத் திருப்பி விட்ருச்சு."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"தொட்டிப் பக்கம் அண்ணி. அங்க யாரும் போக மாட்டாங்க, நான் மட்டும்தான் போவேன், நான் பாத்துப் போயிக்கறேன்னு சொல்லிச்சு."

அன்றைக்குப் பர்னர் நிற்கவேயில்லை. அதனால் வால்வும் மூடாமல் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டார். கீழே கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த யார் மேலும் ஒரு சொட்டுப் படவில்லை.

"இதை வந்து பாய்லர் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவியா?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என்னை எங்கயும் வந்து சொல்லச் சொல்லாதீங்க அண்ணி. என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. நான் ஒருத்தி வேலைக்குப் போனாதான் உலை."

"அப்ப எதுக்கு எங்கிட்ட வந்து சொன்ன?"

அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாத்திரம் எல்லாவற்றையும் நான் மறுபடியும் ஒருமுறை கழுவினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

வீட்டில் வால்வு வேலை தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழாயில் கை வைக்காதீர்கள், நானே வந்து அந்த மேனேஜரிடம் பேசுகிறேன் என்றிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, புதன்

வேலைக்குப் போனேன். முதலாளி சாமுவேல் சார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பதினொரு வருஷத்தில் அப்படி நின்றதில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே ஹேமா," என்றார்.

"வீட்ல என்ன சார் பண்றது?"

ஒரு ரப்பர் கம்பெனி வால்வுகள் வந்து கிடந்தன. நாள் முழுக்க ஒரு சீட்டைத் தேய்த்தேன். தட்டு உட்காரும் வளையத்தைத்தான் சீட் என்போம். கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். மயிரிழை கீறல் இருந்தாலும் ஆவி கசியும். தேய்க்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது.

மாலையில்தான் சார் சொன்னார், என் கணவருடைய பாய்லர் வால்வும் வந்திருக்கிறது என்று. விபத்தை விசாரிக்கும் அரசாங்கப் பாய்லர் இன்ஸ்பெக்டர் கழற்றிச் சாக்கில் கட்டி, அரக்கு வைத்து அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை அவர் முன்னிலையில் சோதனை.

நான் அந்த மூலைக்குப் போகவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

ஒர்க்‌ஷாப் வாசலில் மேனேஜர் பிரபாகர் காரில் உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. வால்வு சீக்கிரமே, பத்துக்கு முன்னாடியே திறந்துடுச்சுன்னு டெஸ்ட்ல வந்துட்டா விஷயம் அதோட முடிஞ்சிரும். ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, அவ்ளோதான். அதெல்லாம் சகஜம். யாரு பேரும் கெடாது. ஆனா வால்வு சரியா இருக்குன்னு வந்தா, அடுத்து குழாய்க்கு வருவாங்க. அதைத் திருப்பினது யாருன்னு கேள்வி வரும். செத்துப்போன மனுஷன் பேர்ல, தானே இழுத்து விட்டுக்கிட்டான்னு எழுதுவாங்க. உங்க பொண்ணு நாளைக்கு அதைப் படிக்கணுமா?"

"வால்வு சீக்கிரம் திறந்ததுன்னா எங்க முதலாளி லைசென்ஸ் போயிடும் சார்."

"அவருக்கு ஒரு நோட்டீஸ் வரும். பெரிய மனுஷன், சமாளிச்சுக்குவார். டெஸ்ட் பண்றது உங்க பெஞ்ச்சு. உங்க ஆளுங்க. நான் சொல்றது உங்களுக்குப் புரியும்."

டீ ஆறிப்போய்விட்டது. நான் குடிக்கவில்லை. குழாயை ஏத்தச் சொல்லிக் கேட்டாரே சார், ஏன் செய்யவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது எனக்குத் தோன்றியது.

சாமுவேல் சாரிடம் இதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

இறந்தவரின் மனைவி சோதனை செய்யக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். சரிதான். சாமுவேல் சாரே செய்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பிரபாகரும் வந்திருந்தார்.

அரக்கை உடைத்துச் சாக்கைப் பிரித்தார்கள். வால்வின் மேல் என் சீல் அப்படியே இருந்தது. கம்பி அறுபடவில்லை. இன்ஸ்பெக்டர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். பெஞ்சில் பொருத்தி, சார் காற்றைத் திறந்தார். மெதுவாக ஏற்ற வேண்டும். அழுத்தமானியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. நாற்பது வருஷ லைசென்ஸ்.

முள் ஏழு கிலோவைத் தாண்டியது. எட்டு. ஒன்பது.

ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

பத்தில் திறந்தது. அறையே அதிர்ந்தது. கொஞ்சம் இறங்கியதும் சொட்டுக் கசிவில்லாமல் மூடிக்கொண்டது. மறுபடியும் ஏற்றினார்கள். மறுபடியும் பத்து. மூன்றாவது தடவையும் அதே இடம்.

"வால்வுல தப்பில்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமே குழாயைப் பாக்கணும்."

சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவருக்குச் சந்தோஷம். ஆனால் என் முன்னால் அதைக் காட்டிக்கொள்ள முடியாமல் தவித்தார். "நல்லா செட் பண்ணியிருக்கேம்மா," என்று மட்டும் சொன்னார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வெள்ளை வேட்டி இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் ஆகிவிட்டது, வாங்க மாட்டார்கள். பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பைக் கழுவி, பெஞ்சுக்கும் ஸ்பேனர்களுக்கும் சந்தனம் வைத்தார்கள். சார் கிறிஸ்தவர், ஆனாலும் வருஷா வருஷம் பொரியும் சுண்டலும் அவர் செலவுதான். குங்குமத் தட்டு ஒவ்வொருவராகக் கை மாறி வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தட்டோடு ஒரு கணம் நின்றாள். அப்புறம் என்னைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினாள். கெட்ட பெண் இல்லை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நானே எழுந்து போய்த் தட்டிலிருந்து எடுத்து என் பெஞ்சுக்கு வைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

லாண்டரியில் விசாரணை. அலுவலக அறையில் இன்ஸ்பெக்டர், பிரபாகர், லாண்டரி முதலாளியின் வக்கீல், நான். முதலில் எல்லோரும் மாடிக்குப் போனோம்.

நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நிற்க முடியும். குழாயின் வாய் நேராக அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரைப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மாடியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தால் கீழே தகரக் கொட்டகை.

கீழே வந்ததும் வக்கீல் ஆரம்பித்தார். "இறந்தவர் யாரிடமும் சொல்லாமல் குழாயின் திசையை மாற்றியிருக்கிறார். நிர்வாகத்துக்கு இது தெரியாது."

"அவரு குழாயை உயர்த்தச் சொல்லிக் கேட்டாரு," என்றேன்.

"யாரிடம்? எப்போது? நீங்கள் பார்த்தீர்களா?"

நான் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர், "வேற யாருக்காவது தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே துணி மடிக்கிற பெண்கள் தெரிந்தார்கள். எல்லோரும் குனிந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பூங்காவனத்தின் பேரைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவள் கேட்டிருந்தாள். சொல்லியே தீர வேண்டும் என்றும் எனக்கு இருந்தது. வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் கதவு திறந்தது. அவளே வந்தாள். கையில் பாதி மடித்த விரிப்பு.

"உள்ள வராதீங்க, விசாரணை நடக்குது," என்றார் பிரபாகர்.

"தெரியும் சார். அதுக்குத்தான் வந்தேன்."

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அத்தனை ஆண்களுக்கு முன்னால் சேலையை விலக்கித் தோளைக் காட்டினாள். "இது அந்தக் குழாய்ல சுட்டதுங்க. ஏப்ரல் மாசம். அண்ணன் மறுநாளே கேட்டுச்சு. குழாயை மேல ஏத்துங்க சார்னு. அடுத்த ஷட் டவுன்ல பாக்கலாம்னு நீங்கதான சார் சொன்னீங்க? எங்க எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க?"

பிரபாகர் எதிரே இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார். வெளியே மடிப்பு மேசையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வெளியே போய் அவர்களைக் கேட்டார். எல்லோரும் பிரபாகரைப் பார்த்தார்கள். பிறகு ஒரு வயதான அம்மாள், "அது சொல்றது நெசந்தாங்க," என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும்.

பூங்காவனம் என் பக்கம் திரும்பவே இல்லை. விரிப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நானும் அவளைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. சஹானா ஜன்னல் பக்கம் போகவே இல்லை. அவளுக்குப் புது ஷூ வாங்கினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

விசாரணை முடிவு வந்தது. இரண்டு பக்கத் தப்பும் எழுதியிருக்கிறது. ஆவி வெளியேறும் குழாயைப் பாதுகாப்பான உயரத்துக்குக் கொண்டுபோகும்படி கேட்டும் செய்யாதது, பர்னர் சுவிட்சைச் சரிபார்க்காதது, பாய்லரைக் கவனிக்க வேண்டிய ஆளுக்கு வேறு வேலை கொடுத்தது எல்லாம் நிர்வாகத்தின் குற்றம். அனுமதியில்லாமல் குழாயைத் திருப்பியது தணிகைவேலின் தவறு.

ஏன் திருப்பினார் என்று அதில் இல்லை. அதற்கு அங்கே இடம் கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

குழாயை உயர்த்திவிட்டார்கள். ஒரே நாள் வேலை.

நவம்பர் 10, ஞாயிறு

மதியம் பூங்காவனம் வந்தாள். லாண்டரியில் அவளை நிறுத்திவிட்டார்களாம். ஆள் அதிகம் என்று காரணம் சொன்னார்களாம். ஒரு பெண்கள் விடுதிச் சமையலில் சேர்ந்திருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்று வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா. சாப்பிட்டுப் போ," என்றேன். நான் அவளிடம் நல்லபடியாகச் சொன்ன முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். சஹானா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு வந்த அன்று நடந்ததை எல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பிரபாகர் பயமுறுத்திய மாதிரி வேறு யாரோ சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்றைக்கு அவள் பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை," என்றாள் இப்போது. "எங்கப்பா குழாயைத் திருப்பலைன்னா உங்க மேலதான் பட்டிருக்குமா?"

"சஹானா, சாப்பிடு," என்றேன்.

"இருக்கட்டும் அண்ணி." பூங்காவனம் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். "ஆமா கண்ணு. எம்மேலதான். நான் எப்பவும் அந்த ஓட்டைக்கு நேராதான் குந்துவேன். அங்கதான் காத்து வரும்."

"நீங்க செத்துப் போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன்."

சஹானா அப்பளத்தைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள். பிறகு நிமிர்ந்து, "எனக்கு எங்கப்பாதான் வேணும்," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்று மாதமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒன்று. அவளை அதட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னால் முடியவில்லை.

பூங்காவனம் அழவில்லை. "அப்படித்தான் கண்ணு இருக்கும்," என்றாள். "எம்புள்ளைங்களும் அதான் சொல்லியிருக்கும்."

அப்புறம் சஹானா அப்பளத்தை உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் கரண்டியை எடுத்துப் பூங்காவனத்தின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.